பி53 ஏறிவிட்டது, சரி. மரபணு அசைந்ததா?

டிஎன்ஏ சேதம் போன்ற அடி செல்லுக்கு விழுந்தால், கட்டி முளைக்காமல் ஒடுக்கும் புரதமான பி53 ஏறும். பி53 ஏறினால் செல் பிரிவதை நிறுத்தும், இல்லையென்றால் செத்துப்போகும். பாடப்புத்தகத்தில் இரண்டே அம்புக்குறியில் முடிந்துவிடுகிற விஷயம் இது. அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) பட்டை தடித்துத் தெரிந்த உடனே "பி53 பாதை இயங்குகிறது" என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். பட்டை தடித்தால் அந்தப் புரதம் அழியாமல் தேங்கியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அது எந்த மரபணுவில் போய் உட்கார்ந்தது, உட்கார்ந்த இடத்தில் படியெடுப்பு (மரபணுவிலிருந்து எம்ஆர்என்ஏ என்ற நகல் எடுப்பது) நடந்ததா, எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

கட்டி ஒடுக்கும் புரதங்கள் என்று எடுத்தால் ஆர்பி, பிஆர்சிஏ1, பிடென் என்று பட்டியல் நீளும். ஆனால் நெருக்கடியை உணர்ந்து, தானே டிஎன்ஏ-வில் ஒட்டி, மரபணுக்களை நேரடியாகக் கிளப்பிவிடும் வேலையில் பி53-க்கு நிகராக அதிகம் படிக்கப்பட்டது வேறில்லை. அதனால் இங்கே பி53 மட்டும்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1979-இல் எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜன் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த புரதமாகத்தான் இது கண்ணில் பட்டது. பத்தாண்டு காலம் புற்றுநோயைத் தூண்டும் மரபணு என்றே இதை நம்பினார்கள். காரணம் எளிது: அப்போது ஆய்வகங்களில் புழங்கிய குளோன்களில் பல, திரிபு (மரபணுப் பிழை) ஏறியவை. 1989-இல்தான் கதை தலைகீழானது. பெயரில் உள்ள 53-உம் ஒரு பொய்தான். ஜெல்லில் 53 கிலோடால்டன் இடத்தில் ஓடினாலும் உண்மையான எடை 43.7 தான்; முன்பகுதியில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த ஒரு துண்டு இருப்பதால் ஓட்டம் பிந்துகிறது.

393 அமினோ அமிலங்கள். முன்முனையில் படியெடுப்பைத் தூண்டும் இரண்டு சிறு பகுதிகள். நடுவில், ஏறத்தாழ 100 முதல் 290 வரை, டிஎன்ஏ-வைப் பற்றும் பகுதி. அதை ஒரு துத்தநாக அயனி தாங்கிப் பிடிக்கிறது. 323-லிருந்து 356 வரை நான்கு பிரதிகளைச் சேர்த்துக் கட்டும் பகுதி. கடைசி 30 அமினோ அமிலங்களில் லைசின்கள் மண்டிக் கிடக்கின்றன. புரதத்தை அழிவுக்கு அடையாளமிடும் யூபிக்விட்டினும், அதற்கு இடம் விடாத அசிட்டைல் என்ற சிறு குழுவும் போட்டி போட்டு ஏறுகிற இடம் அதுதான். டிஎன்ஏ-வில் இது தேடுகிற குறி: மூன்று பியூரின் (ஏ அல்லது ஜி), ஒரு சி, ஏ அல்லது டி இரண்டு, ஒரு ஜி, மூன்று பிரிமிடின் (சி அல்லது டி). ஆக 10 எழுத்து. இப்படி இரண்டு பாதிகள் சேர்ந்தால் ஒரு முழு இடம். பாதிகளுக்கு நடுவே 0 முதல் 13 எழுத்து வரை இடைவெளி இருக்கலாம். இடைவெளி இல்லாத இடங்களில்தான் பிடிப்பு பொதுவாக வலுவாக இருக்கும்.

தயாரிப்பு கூடுவதில்லை, அழிவு குறைகிறது

நெருக்கடி வந்ததும் பி53-க்கான டிபி53 மரபணு கூடுதலாக எம்ஆர்என்ஏ எடுத்து, அதனால் புரதம் கூடுகிறது என்று நினைத்துத்தான் பலர் முதல் தப்பைச் செய்கிறார்கள். டிபி53 எம்ஆர்என்ஏ பெரிதாக ஏறுவதில்லை. புரதத்தின் தயாரிப்பு எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தயாராகித் தயாராகி உடனுக்குடன் அழிகிறது. குழாயும் திறந்திருக்கிறது, தொட்டியின் வடிகாலும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வந்தால் வடிகால் அடைபடுகிறது. நல்ல நிலையில் உள்ள செல்லில் பி53-இன் அரை ஆயுள் 5 முதல் 20 நிமிடம். டிஎன்ஏ சேதத்துக்குப் பிறகு அது மணிக்கணக்காக நீளும். புதிதாக எம்ஆர்என்ஏ எடுத்து, அதைப் புரதமாக்கி என்று காத்திருக்காமல் அரை மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்குவது இதனால்தான்.

வடிகால் என்று சொன்னது எம்டிஎம்2 என்ற புரதத்தை. பி53-இன் முன்முனையில் உள்ள ஃபினைல்அலனின் 19, டிரிப்டோஃபான் 23, லூசின் 26 ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் (எண், புரதச் சங்கிலியில் அவற்றின் இடம்) எம்டிஎம்2-இன் மேற்பரப்பில் உள்ள பள்ளம் ஒன்றில் கச்சிதமாகப் புகுந்துகொள்கின்றன. படியெடுப்புக்கான துணைப் புரதங்கள் வந்து பிடிக்க வேண்டிய இடமும் இதே இடம்தான். ஆக எம்டிஎம்2 ஒட்டினால் பி53-இன் வாயும் அடைபடுகிறது, யூபிக்விட்டின் ஏறிப் புரோட்டியசோம் என்ற அழிப்பு இயந்திரத்துக்கும் போகிறது. எம்டிஎம்2 இல்லாத எலிக்கரு பிழைப்பதில்லை. கூடவே பி53-ஐயும் எடுத்துவிட்டால் எலி பிறந்து வளர்கிறது. 1995-இல் வந்த இந்த ஒரு முடிவு, இந்த ஜோடியின் உறவைப் பற்றி நூறு பக்கம் எழுதினாலும் கிடைக்காத தெளிவைத் தந்துவிட்டது.

இதில் முடிச்சு என்னவென்றால், எம்டிஎம்2 மரபணுவையே பி53 தான் கிளப்பிவிடுகிறது. அந்த மரபணுவில் இரண்டு புரமோட்டர்கள் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதிகள்). முதலாவது பி53 இல்லாமலே மெதுவாக ஓடும். இரண்டாவது புரமோட்டர், மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள் (புரதமாகாத இடைத்துண்டு) இருக்கிறது. பி53 ஒட்டுகிற இடங்களும் அங்கேதான். தன்னை அழிக்கிறவனைத் தானே உண்டாக்கும் இந்தச் சுழல்தான் பி53-இன் காலக்கணக்கை நிர்ணயிக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

எந்த அடி, எந்த வாசல்

இரட்டை இழை முறிந்தால் ஏடிஎம் என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) விழிக்கிறது. அது பி53-இன் செரின் 15-இல் பாஸ்பேட் ஏற்றுகிறது. சிஎச்கே2 என்ற இன்னொரு கைனேஸ் வழியாக செரின் 20-இலும் ஏறுகிறது. எம்டிஎம்2-ஐயும் ஏடிஎம் விட்டுவைப்பதில்லை. அதன் செரின் 395-இல் பாஸ்பேட் ஏறினால் பி53-ஐ அழிக்கும் திறன் குறைகிறது. புற ஊதா ஒளி பட்டாலோ டிஎன்ஏ நகலெடுப்பு தடுக்கப்பட்டாலோ ஏடிஆர், சிஎச்கே1 என்ற கைனேஸ்கள் முன்னால் வருகின்றன.

செரின் 15-இல் பாஸ்பேட் ஏறிய உடனே எம்டிஎம்2 கழன்றுவிடும் என்று பல படங்களில் வரைந்திருப்பார்கள். அது அவ்வளவு நேரானதல்ல. எம்டிஎம்2-இன் பிடியைக் கணிசமாகத் தளர்த்துவது திரியோனின் 18. அதில் பாஸ்பேட் ஏற செரின் 15-இல் முன்பே ஏறியிருக்க வேண்டும். செரின் 15-இன் பெரிய பங்கு, பி300 மற்றும் சிபிபி என்ற அசிட்டைல் ஏற்றும் நொதிகளை இழுத்து வருவது. அவை கடைமுனை லைசின்களில் அசிட்டைல் ஏற்றிவிட்டால் அதே இடத்தில் யூபிக்விட்டின் ஏற முடியாது.

டிஎன்ஏ-வுக்குச் சேதமே இல்லாமலும் பி53 ஏறும். புற்றுநோய்த் தூண்டி மரபணு ஒன்று அத்துமீறி ஓடினால் ஏஆர்எஃப் என்ற புரதம் உண்டாகி எம்டிஎம்2-ஐப் பிடித்துக்கொள்கிறது. ரைபோசோம் தயாரிப்பு தடைப்பட்டால், வேலை இல்லாமல் மிஞ்சிய ஆர்பிஎல்5, ஆர்பிஎல்11 புரதங்களும் 5எஸ் ஆர்என்ஏ-வும் சேர்ந்து போய் எம்டிஎம்2-ஐ முடக்குகின்றன. இந்த இரண்டு வழியிலும் செரின் 15 பாஸ்பேட் அவசியமே இல்லை. "செரின் 15 ஏறவில்லை, ஆகவே பி53 இயங்கவில்லை" என்று யாராவது சொன்னால் எந்த நெருக்கடியைக் கொடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஆக்சிஜன் கடுமையாகக் குறைந்தால் எதிர்த்திசையில் ஒரு வேடிக்கை. பி53 புரதம் நன்றாகத் தேங்கும். ஆனால் பி21 (செல் பிரிவை நிறுத்துவது), எம்டிஎம்2 போன்ற வழக்கமான மரபணுக்கள் அந்த அளவுக்கு ஏறாது. பட்டையை மட்டும் பார்த்து எழுதுகிறவர் விழுகிற குழி இதுதான்.

ஒட்டிய பிறகு

பி53 ஒட்டுகிற இடங்கள் மரபணுத் தொகுதியில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் பல செல் வகைகளிலும் பல நெருக்கடிகளிலும் திரும்பத் திரும்ப ஏறுகிற நேரடி இலக்குகள் நூற்றுச் சொச்சம்தான். ஒட்டுவதும் இயக்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

பி21-ஐக் கிட்டத்தில் பார்க்கலாம். மரபணுவின் பெயர் சிடிகேஎன்1ஏ. படியெடுப்பு தொடங்கும் புள்ளிக்கு ஏறத்தாழ 2,200 எழுத்து மேலே வலுவான ஒட்டுமிடம் ஒன்று. 1,300 எழுத்து மேலே இன்னொன்று, கொஞ்சம் பலவீனமானது. நெருக்கடி வருவதற்கு முன்பே இந்த மரபணுவின் வாசலில் ஆர்என்ஏ பாலிமரேஸ் (படியெடுக்கும் நொதி) ஏற்றப்பட்டுக் காத்து நிற்கிறது. பி53 வந்ததும் அது புறப்படுகிறது. அதனால்தான் பி21 இவ்வளவு சீக்கிரமும் இவ்வளவு அதிகமும் ஏறுகிறது. செல் சாவுக்கான ஃபாஸ் மரபணுவில் இப்படி முன்கூட்டிக் காத்திருக்கும் பாலிமரேஸ் மிகக் குறைவு; பாக்ஸ் போன்றவற்றில் ஒட்டுமிடமே பலவீனம். பி53 கொஞ்சமாக இருக்கும்போது நிறுத்தும் மரபணுக்கள் இயங்கும், நிறைய நேரம் நிறைய இருந்தால்தான் கொல்லும் மரபணுக்கள் இயங்கும் என்ற விளக்கம் இதிலிருந்து வந்தது. பாதி உண்மை என்பேன். பூமா ஒரு விதிவிலக்கு: கொல்லும் மரபணு, ஆனால் சீக்கிரமாகவே ஏறுகிறது. சாவதும் பிழைப்பதும் பெரும்பாலும் பி53-இன் தேர்வைவிட அந்தச் செல்லில் ஏற்கெனவே இருக்கும், சாவைத் தூண்டியும் தடுத்தும் நிற்கும் பிசிஎல்2 குடும்பப் புரதங்களின் கையிருப்பைப் பொறுத்தது. ஒரே அளவு கதிர்வீச்சில் தைமஸ் செல் சாகிறது, தோலின் நார்ச்செல் நின்றுபோவதோடு சரி.

லைசின் 120-இல் டிஐபி60 அசிட்டைல் ஏற்றுவதும், செரின் 46-இல் எச்ஐபிகே2 பாஸ்பேட் ஏற்றுவதும் சாவுப் பக்கம் சாய்க்கும் குறிகளாகச் சொல்லப்படுகின்றன. மற்ற இலக்குகளை வேகமாகச் சொல்லிவிடலாம்: டிஎன்ஏ பழுதுபார்ப்புக்கு எக்ஸ்பிசி, டிடிபி2, ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்க செஸ்ட்ரின்கள், சாவுக்கு பூமா, நாக்ஸா, பாக்ஸ், டிஆர்5. பி21, பூமா, நாக்ஸா மூன்றையும் ஒருசேர நீக்கிய எலிகளுக்கு, பி53 இல்லாத எலிகளுக்கு வருவதுபோல் தானாகக் கட்டிகள் முளைக்கவில்லை. நிறுத்துவதும் கொல்வதும்தான் பி53-இன் கட்டி ஒடுக்கும் வேலை என்று நம்பியிருந்தவர்களுக்கு இது நல்ல அடி. எந்த இலக்குகள் எந்தத் திசுவில் காப்பாற்றுகின்றன என்பது இன்னும் திறந்த கேள்வி.

பி53 மரபணுக்களை அணைக்கவும் செய்கிறதே என்று கேட்பீர்கள். செல் பிரிய உதவும் சைக்ளின் பி1, சிடிகே1, சர்வைவின் எல்லாம் பி53 ஏறியதும் இறங்குவது உண்மை. பழைய கட்டுரைகளில் பி53 நேரே போய் இவற்றின் மேல் உட்கார்ந்து அடக்குகிறது என்று இருக்கும். இப்போது நிற்கிற விளக்கம் வேறு. பி53 கிளப்புவது பி21-ஐ. பி21 சைக்ளின் சார்ந்த கைனேஸ்களை அடக்குகிறது. கைனேஸ் ஓய்ந்ததும் பி130, இ2எஃப்4 முதலியவை சேர்ந்த ட்ரீம் என்ற புரதக் கூட்டம் உருவாகி, செல் சுழற்சி மரபணுக்களின் மேல் போய் உட்கார்ந்து மூடுகிறது. சோதித்துப் பார்ப்பதும் சுலபம்: பி21 நீக்கிய எச்சிடி116 என்ற புற்றுநோய்ச் செல்லில் பி53 ஏறினாலும் இந்த மரபணுக்கள் சரியாக இறங்காது. நேரடியாக ஏறும் மரபணுக்கள் முதலில் அசையும், அணையும் மரபணுக்கள் சில மணி நேரம் பிந்தி இறங்கும். இந்த இடைவெளியே நடுவில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

துடிப்பு

இப்போது அந்த பி53–எம்டிஎம்2 சுழலுக்கு வரலாம். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்குக் காமா கதிர் கொடுத்து ஒவ்வொரு செல்லாகப் படம்பிடித்தால் பி53 ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கித் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 5.5 மணி நேரம். கதிரின் அளவைக் கூட்டினால் துடிப்பு உயரமாவதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. எம்டிஎம்2 மட்டுமல்ல, பி53 கிளப்பும் இன்னொரு இலக்கான விப்1 என்ற பாஸ்பேட் நீக்கும் நொதியும் ஏடிஎம்-ஐ அணைத்து இதில் பங்கெடுக்கிறது. முறிவு பாக்கி இருந்தால் ஏடிஎம் மறுபடி விழிக்கும், அடுத்த துடிப்பு. புற ஊதா ஒளிக்கோ இப்படித் துடிப்பு இல்லை: ஒரே ஒரு நீண்ட ஏற்றம், அளவைக் கூட்டினால் அதன் உயரமும் அகலமும் கூடும்.

இதில் மரபணு ஒழுங்குக்கு என்ன பாடம்? எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதைகிற மரபணு, எம்டிஎம்2 போல, துடிப்பைப் பின்தொடர்ந்து தானும் துடிக்கும். நிலைத்து நிற்கும் எம்ஆர்என்ஏ ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். துடிக்க வேண்டிய பி53-ஐ மருந்து கொடுத்து இறங்கவிடாமல் நிறுத்திவைத்தால், மீண்டு பிரிந்திருக்க வேண்டிய செல்கள் நிரந்தரமாக முடங்கிவிடுகின்றன. 2012-இல் இதைக் காட்டினார்கள்.

வெஸ்டர்னில் இந்தத் துடிப்பு அவ்வளவாகத் தெரியாது. லட்சக்கணக்கான செல்களை ஒன்றாக உடைத்து ஓட்டும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில் இருக்கும். முதல் மேடு நன்றாகவும் அடுத்தவை கரைந்தும் தெரியும். 6 மணி நேரத்தில் ஒரு புள்ளி மட்டும் எடுத்து "பி53 இறங்கிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். அது இரண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கும் பள்ளமாக இருக்கலாம்.

மேசையில் செய்யும்போது

செல் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது பாதி வேலை கெட்டுவிடும். எம்சிஎஃப்-7, யு2ஓஎஸ், எச்சிடி116, ஏ549 ஆகியவற்றில் பி53 திரிபில்லாதது. எச்1299, சாவோஸ்-2 இரண்டிலும் பி53 கிடையாது. ஹீலாவில் மரபணு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எச்பிவி-18 வைரஸின் இ6 புரதம் பி53-ஐ அழித்துக்கொண்டே இருக்கும். 293டி செல்லில் டி ஆன்டிஜன் பிடித்துவைத்திருப்பதால் பி53 எப்போதும் ஏகத்துக்கும் இருக்கும், வேலை செய்யாது. அதில் மருந்து கொடுத்து ஏறவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. திரிபில்லாதவை என்று சொன்னவற்றிலும் பாதையின் மற்ற கண்ணிகள் அறுந்திருக்கலாம்: எம்சிஎஃப்-7-இல் ஏஆர்எஃப் இல்லை, செல் சாவை நடத்தும் கேஸ்பேஸ்-3 இல்லை, யு2ஓஎஸ், எச்சிடி116 இரண்டிலும் விப்1 மரபணு கடைமுனை வெட்டுப்பட்டு, அழியாமல் தேங்கும் வடிவத்தில் இருக்கிறது. முடிந்தால் எச்சிடி116-ஐயும் அதன் பி53 நீக்கிய ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். ஜோடியிலும் பி21 ஏறினால் அது பி53-இன் வேலை அல்ல. டிஜிஎஃப்-பீட்டாவும் ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ் தடுப்பான்களும் பி53 இல்லாமலே பி21-ஐ ஏற்றும்.

தட்டில் செல்கள் 60–70 சதவீதம் பரவியிருக்கும்போது தொடங்குவது நல்லது. நெருக்கிப் படர்ந்த தட்டிலும் பழைய மீடியத்திலும் அடிப்படை பி21 ஏற்கெனவே ஏறியிருக்கும். அதன் மேல் நீங்கள் கொடுக்கும் மருந்தின் விளைவு சப்பையாகத் தெரியும்.

தூண்டும் முறைகள். நட்லின்-3ஏ 10 மைக்ரோமோலார்: எம்டிஎம்2-இன் பள்ளத்தை அடைப்பதோடு சரி, டிஎன்ஏ-வைத் தொடாது. நட்லின்-3 என்று மட்டும் எழுதியிருந்தால் அது இரண்டு வடிவங்களின் கலவை. வேலை செய்வது ஒரு வடிவம்தான் என்பதால் இருமடங்கு வேண்டும். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ இறுதியில் 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்; கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே அளவு. நட்லின் கொடுத்த தட்டில் பி53-உம் பி21-உம் ஏறி, செரின் 15 பாஸ்பேட் ஏறாமல் இருந்தால் உங்கள் ஆன்டிபாடிகள் ஒழுங்காக இருக்கின்றன என்று தைரியமாக நம்பலாம்.

டாக்சோரூபிசின் 0.2–0.5 மைக்ரோமோலார் போதும். அதிகம் போட்டால் பி53 இன்னும் பிரமாதமாக ஏறும், பி21 எம்ஆர்என்ஏ ஏறாது. மருந்து டிஎன்ஏ-வின் இடுக்கில் புகுந்து பாலிமரேஸையே நிறுத்திவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்த்துவிட்டு "எங்கள் செல்லில் பி53 இலக்குகளை இயக்கும் திறனை இழந்திருக்கிறது" என்று முடிவுக்கு வருவது எளிது, தவறும்கூட. அதோடு டாக்சோரூபிசின் தானே சிவப்பாக ஒளிரும். ஒளிர் நுண்ணோக்கியில் சிவப்புச் சாயத்தோடு பார்த்தால் உட்கரு முழுக்கப் பளிச்சென்று இருக்கும், அது உங்கள் புரதம் அல்ல.

ஆக்டினோமைசின் டி-யிலும் இதே கதை. 5 நானோமோலாரில், அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 6 நானோகிராமில், ரைபோசோம் ஆர்என்ஏ எடுக்கும் பாலிமரேஸ் 1 மட்டும் அடங்கி ரைபோசோம் நெருக்கடி உண்டாகும். மைக்ரோமோலார் அளவில் எல்லாப் படியெடுப்பும் நிற்கும். தசமப் புள்ளி ஒன்று நகர்ந்தாலே நீங்கள் வேறு பரிசோதனை செய்துகொண்டிருப்பீர்கள்.

புற ஊதா ஒளிக்கு 254 நானோமீட்டர், சதுர மீட்டருக்கு 10–20 ஜூல். மீடியத்தை எடுத்துவிட்டு பிபிஎஸ் உப்புக்கரைசலில் கழுவி, மூடியைத் திறந்து வைத்துக் காட்ட வேண்டும். பிளாஸ்டிக் மூடி இந்த ஒளியை விடாது. ஃபீனால் ரெட்டும் சீரமும் உறிஞ்சிக்கொள்ளும். மீடியம் எடுப்பது, கழுவுவது எல்லாமே செல்லுக்குத் தொந்தரவுதான் என்பதால் கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் ஒளி தவிர மற்ற எல்லாம் செய்யுங்கள். அளவு மிஞ்சினால் இங்கேயும் பாலிமரேஸ் சேதமான டிஎன்ஏ-வில் முட்டி நிற்கும். நீளமான மரபணுக்கள்தான் முதலில் அடிவாங்கும். பி21, பூமா போன்ற குட்டையான மரபணுக்கள் தப்பிக்கும்.

நேரப்புள்ளிகள் குறைந்தது 0, 2, 4, 8, 24 மணி. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே தொகுதியில் பரப்பிய தட்டுகளிலிருந்து புரதமும் ஆர்என்ஏ-வும் சேர்த்தே எடுங்கள். வேறு வேறு நாள் எடுத்ததை ஒப்பிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது.

வெஸ்டர்னுக்கு ரிப்பா கரைசலில் புரோட்டியேஸ் தடுப்பானோடு 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளூரைடும் 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட்டும் சேர்த்து, ஐஸில் வைத்தே வேலை செய்ய வேண்டும். 20–30 மைக்ரோகிராம் புரதம்; பி53-க்கு 10 சதவீத ஜெல், பி21-க்கு 12 அல்லது 15. செரின் 15 ஆன்டிபாடிக்குப் பாலில் தடுக்காமல் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) எடுங்கள். பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பின்னணி கூடும். எல்லாரும் வைத்திருக்கும் டிஓ-1 ஆன்டிபாடி பிடிப்பது 20 முதல் 25 வரையுள்ள அமினோ அமிலங்களை. மனிதப் பி53-ஐத்தான் அது பிடிக்கும், எலியினுடையதை அல்ல. செரின் 20 அந்தத் துண்டுக்குள்ளேயே இருப்பதால், அங்கே பாஸ்பேட் ஏறினால் பிடிப்பு குறையும். எலிச் செல்லில் பட்டை வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆன்டிபாடிக் குப்பியின் லேபிளை.

கியூபிசிஆரில் (எம்ஆர்என்ஏ அளவை அளக்கும் முறை) டிபி53-ஐ அளந்து நேரம் போக்க வேண்டாம். சிடிகேஎன்1ஏ, எம்டிஎம்2, பூமா மூன்றும் ஏறுமுகத்துக்கு. சைக்ளின் பி1 இறங்குமுகத்துக்கு. எம்டிஎம்2-க்கு இரண்டாவது புரமோட்டரிலிருந்து வரும் எம்ஆர்என்ஏ-வை மட்டும் பிடிக்கிற பிரைமர் போட்டால், பி53 சாராத அடிப்படை ஓட்டம் கலக்காது. ஒப்பீட்டுக்கு இரண்டு மரபணுக்களாவது வையுங்கள், அவை உங்கள் மருந்தில் அசையவில்லை என்பதை முதலில் பார்த்துவிட்டு. ரைபோசோம் தயாரிப்பையே நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிட்டு ரைபோசோமின் 18எஸ் ஆர்என்ஏ-வை ஒப்பீட்டுக்கு வைப்பது விபரீதம்.

ஒட்டியதா என்று நேராகப் பார்க்க சிப் (புரதத்தை டிஎன்ஏ-வோடு பிணைத்து, ஆன்டிபாடியால் பிடித்தெடுக்கும் முறை) செய்ய வேண்டும். ஒரு கோடி செல், 1 சதவீத ஃபார்மால்டிஹைடு, அறை வெப்பத்தில் 10 நிமிடம். 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம். டிஎன்ஏ 200–500 எழுத்துத் துண்டுகளாக உடைய வேண்டும். ஆன்டிபாடி போடும் முன் கொஞ்சம் எடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஃபார்மால்டிஹைடில் கூடுதல் நேரம் விட்டால் ஒலியலையால் உடைக்கும் சோனிகேஷனில் உடையாது, ஆன்டிபாடி பிடிக்கும் இடமும் மூடிக்கொள்ளும். பி21-இன் மேல் ஒட்டுமிடத்துக்கு ஒரு பிரைமர் ஜோடி, பி53 ஒட்டாத ஏதாவது ஓரிடத்துக்கு இன்னொன்று. ஒட்டாத இடத்திலும் அதே அளவு வந்தால் நீங்கள் அளந்தது வெறும் அழுக்கு. ஒட்டியது உறுதியானாலும், எம்ஆர்என்ஏ ஏறவில்லை என்றால் அது இலக்கு என்று எழுத முடியாது.

பட்டை தடித்து, வேலை இல்லாதபோது

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் டிபி53 திரிந்திருக்கிறது. பெரும்பாலானவை ஒரு அமினோ அமிலம் மாறியவை, பெரும்பாலும் டிஎன்ஏ பற்றும் பகுதியில். ஆர்ஜினின் 248, 273 ஆகியவை டிஎன்ஏ-வை நேரே தொடுபவை. மாறினால் வடிவம் ஓரளவு நின்றாலும் பிடி போய்விடும். ஆர்ஜினின் 175 மாறினால் துத்தநாகம் கழன்று மடிப்பே குலைகிறது. இயல்பான பி53-இன் மடிப்பே 44 டிகிரி வாக்கில் குலைந்துவிடும் அளவுக்கு நோஞ்சான். உடல் வெப்பத்துக்கும் அதற்கும் இடைவெளி சொற்பம் என்பதால் சின்ன மாற்றம்கூடத் தாங்காது.

மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தாலும் திரிந்தது அதைக் கெடுக்கும். பி53 தயாராகும்போதே ஒரே எம்ஆர்என்ஏ-வில் இருவர் இருவராகச் சேர்ந்துவிடுகிறது. பிறகு ஜோடிகள் சேர்ந்து நால்வராகின்றன. இரண்டு பிரதியும் சம அளவில் ஓடினால் முழுக்க நல்ல நால்வர் கால்பங்குதான். தனித்தனியாகச் சேர்ந்திருந்தால் பதினாறில் ஒரு பங்காகியிருக்கும்.

திரிந்த பி53 கட்டியில் ஏன் தேங்குகிறது? அது எம்டிஎம்2-ஐக் கிளப்புவதில்லை, அதனால் அழிவதில்லை என்பது வழக்கமான பதில். ஆனால் திரிபை உடல் முழுக்கச் சுமந்த எலிகளின் ஆரோக்கியமான திசுக்களில் அந்தப் புரதம் தேங்குவதில்லை. முதல் புரமோட்டரின் மெதுவான எம்டிஎம்2 ஓட்டமே அதை அழிக்கப் போதுமானதாக இருக்கிறது. கட்டிக்குள் போனதும்தான் தேங்குகிறது. எச்எஸ்பி90 போன்ற மடிப்புத் துணைப் புரதங்கள் அங்கே அதைப் பிடித்துக் காக்கின்றன.

திசுப் படலத்தில் சாயமேற்றிப் பார்க்கும்போது இது நேரடியாக உதவும். கட்டிச் செல்களின் உட்கருக்கள் அத்தனையும் அடர்த்தியாக ஏறியிருந்தால் அமினோ அமிலம் மாறிய திரிபு என்று எடுத்துக்கொள்ளலாம். துளியும் ஏறாமல் வெறுமையாக இருந்தாலும் திரிபுதான்: புரதம் பாதியில் அறுபட்டதாகவோ மரபணுவே போனதாகவோ இருக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒன்று மங்கல் ஒன்று பளிச் என்று இருந்தால் திரிபில்லாதது. வெறுமை என்று அறிக்கை எழுதும் முன், அதே படலத்தில் கட்டிக்கு வெளியே உள்ள லிம்ஃபோசைட்டுகளிலும் நார்ச்செல்களிலும் மங்கலாகவாவது சாயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் சாயமேற்றமே தோற்றிருக்கிறது. படலத்தை மறுபடி ஓட்டுங்கள்.